கல்லறைத் தோட்டத்தில் வணிக வளாகம் கட்டலாமா? எதிர்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பெரியகுளத்திலும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். களை பிடுங்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பங்குத்தந்தை வந்து கல்லறைகளை மந்திரிப்பார். மறுநாள் கேட்டைப் பூட்டினால், அடுத்த சாவு விழும் வரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த நிலத்தை வேறு கண்ணோடு பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே, ஆற்றோரமாக, முள்ளுக்காட்டுக்கு நடுவே கல்லறைக்கு என்று ஒதுக்கின இடம் அது. இப்போது ஊர் வளர்ந்து, அதே இடம் மெயின் ரோட்டு மேலே வந்துவிட்டது. பக்கத்து சென்ட் லட்சக்கணக்கில் போகும்போது, "இத்தனை ஏக்கர் சும்மாதானே கிடக்கு, முன்னாடி மட்டும் நாலு கடை கட்டினா என்ன?" என்ற கேள்வி எங்கேயாவது ஒரு கூட்டத்தில் எழுந்துவிடும்.

அந்தக் கேள்வி எழும்போது மக்கள் செய்வது என்ன? கோபப்படுவார்கள். "எங்க தாத்தா பாட்டி படுத்திருக்கிற இடம்" என்பார்கள். மறியல் நடக்கும். ஆனால் உணர்ச்சி மட்டும் ஒரு கல்லறையைக் காப்பாற்றியதாக வரலாறு இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பதிவேட்டில் என்ன வகையாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

ஒரே தெரு, மூன்று கல்லறைகள்: கொல்கத்தா சொல்லும் பாடம்

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட். இன்று ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் பேர் போன இந்தச் சாலைக்கு ஒரு காலத்தில் பெயரே 'கல்லறைச் சாலை'தான். 1767-ல் இங்கே தெற்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறை திறக்கப்பட்டது. பின்னர் எதிர்ப்புறத்தில் வடக்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறை வந்தது.

மூன்றாவது கத்தோலிக்கர்களுடையது. எட்வர்ட் திரெத்தா என்ற இத்தாலியர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கொல்கத்தாவில் பெரிய ஆள். நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் மேற்பார்வையிட்டவர். இன்றும் அங்கே 'திரெத்தா பஜார்' என்று ஒரு சந்தை இருக்கிறது, அது இவர் பெயரில்தான். 1796-ல் இவருடைய மனைவி இறந்தார். அவருக்காக உருவான கல்லறை நிலம் பிறகு கத்தோலிக்கர்களின் கல்லறையாக மாறியது. 'பிரெஞ்சுக் கல்லறை' என்றும் அதைச் சொல்வார்கள்.

இப்போது மூன்றும் எப்படி இருக்கின்றன?

தெற்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறை இன்றும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். வடக்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறை 1950-களில் இடிக்கப்பட்டது. ராபர்ட்சன் குடும்பத்தின் ஒரே ஒரு நினைவுக் கட்டடம்தான் மிச்சம். 1970-களில் திரெத்தாவின் கத்தோலிக்கக் கல்லறையும் போய்விட்டது. அங்கே பள்ளிக் கட்டடம் எழுந்தது. அந்த வழியாகப் போகிற ஒருவருக்கு அங்கே கல்லறை இருந்த அடையாளமே தெரியாது.

இடிக்கப்பட்ட இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிலைமைதான். அடக்கம் நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கல்லறைக்குச் சொந்தக்காரக் குடும்பங்கள் ஊரை விட்டு, நாட்டை விட்டே போயிருந்தன. 'இது எங்களுடையது' என்று சொல்ல ஆள் இல்லை. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளைப் பதிவு செய்து பாதுகாக்க 1976-ல் லண்டனில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. பாதுகாப்பு வந்தது, ஆனால் இந்த இரண்டு கல்லறைகளையும் அது காப்பாற்றவில்லை.

கல்லறையை முதலில் அழிப்பது பெரும்பாலும் புல்டோசர் இல்லை, மறதி. புல்டோசர் அதற்கு அப்புறம்தான் வரும்.

சிங்கப்பூரில் கல்லறை மேல் எழுந்த நகரம்

தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் நடந்தது வேறு மாதிரி. அங்கே மறதி இல்லை. அரசே திட்டம் போட்டு, நோட்டீஸ் கொடுத்துச் செய்தது.

பிடாடாரி கல்லறை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய பகுதிகள், இந்துக்களுக்கு ஒரு சிறு பகுதி. 1972-ல் அடக்கம் நிறுத்தப்பட்டது. 2001-ல் தோண்டும் வேலை ஆரம்பமாகி 2006-ல் முடிந்தது. சுமார் 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் அகற்றப்பட்டன. ஒரு லட்சத்து 26 ஆயிரம் பேர்!

இன்று அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள், பூங்கா, உட்லீ மெட்ரோ நிலையம், அதை ஒட்டி ஒரு ஷாப்பிங் மால். பழைய கல்லறைக்குச் சாட்சியாக ஒரு சிறிய நினைவுத் தோட்டமும், அதில் முக்கியமானவர்களின் சில கல்வெட்டுகளும் மட்டுமே.

சிங்கப்பூரில் இது எப்படிச் சாத்தியமானது? காரணம் நிலச் சட்டம். 1966-ம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம் அரசுக்கு மிகப் பெரிய அதிகாரம் கொடுத்தது. 1998-ல் வந்த புதிய கொள்கைப்படி அங்கே புதிதாகப் புதைக்கப்படும் உடலுக்கு 15 ஆண்டுதான் கணக்கு. அதன் பிறகு தோண்டி எடுத்து, மத வழக்கப்படி தகனம் செய்வார்கள், அல்லது சிறிய குழியில் மறுபடி வைப்பார்கள்.

எதிர்ப்பே இல்லையா? இருந்தது. 2011-ல் புக்கிட் பிரவுன் என்ற சீனக் கல்லறைக்கு நடுவே எட்டு வழிச் சாலை போடப் போவதாக அறிவிப்பு வந்தபோது, மக்கள் சும்மா இருக்கவில்லை. தன்னார்வலர்கள் வார இறுதியில் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு கல்லறையாக ஆவணப்படுத்தினார்கள். 2014-ல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரவுன் இடம்பெற்றது. ஆனாலும் சாலை வந்துவிட்டது. சுமார் 4,000 கல்லறைகள் போயின. அதே சமயம், அங்கே படுத்திருந்தவர்களின் கதைகள் பலருக்கும் தெரிய வர அந்தப் போராட்டம் உதவியது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் இன்னொரு வகை. அங்கே புகழ்பெற்ற குயின் விக்டோரியா மார்க்கெட்டின் ஒரு பகுதி, நகரின் முதல் கல்லறை மேல்தான் நிற்கிறது. 1920-களின் தொடக்கத்தில் 914 பேரின் எலும்புகளை மட்டும் எடுத்து வேறு கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 9,000 பேர் இன்னும் மண்ணுக்கு அடியில் இருப்பதாகக் கணக்கு. நூறு வருடம் கழித்தும், மார்க்கெட்டைப் புதுப்பிக்கும் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. 'ஒரு தடவை கட்டிட்டா மக்கள் மறந்துடுவாங்க' என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை.

சரி, தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

சிங்கப்பூர் அரசுக்கு இருப்பது போன்ற அதிகாரம் இங்கே ஒரு நகராட்சிக்கோ, ஒரு மறைமாவட்டத்துக்கோ கிடையாது. ஆனால் 'கல்லறை என்றால் தொடவே முடியாது' என்று ஒரே வரியில் சொல்லும் சட்டமும் இங்கே இல்லை. இங்கிலாந்தில் 1884-லேயே பயன்பாட்டில் இல்லாத கல்லறை நிலங்களில் கட்டடம் கட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும் பாதுகாப்பை ஒன்றாகத் திரட்ட வேண்டும். அதற்கு முதல் கேள்வி: நிலம் என்ன வகை?

வகை 1: அரசுப் புறம்போக்கு. வருவாய்ப் பதிவேட்டில் 'மயானம்', 'கல்லறை' என்று ஒதுக்கப்பட்ட நிலம். இதை யாரும் விற்க முடியாது. நகராட்சி நினைத்தால்கூட நேரடியாகக் கடை கட்டிவிட முடியாது, முதலில் நில வகையை மாற்ற வேண்டும். ஊரில் நோட்டீஸ் ஒட்டி ஆட்சேபனை கேட்பது நடைமுறை. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பது பற்றி 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பு இங்கே கை கொடுக்கும். பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மூடிக் கட்டடம் கட்டியவர்கள் பற்றிய வழக்கு அது. பல வருடமாக இருக்கிறோம், நிறையச் செலவு செய்துவிட்டோம் என்ற வாதத்தை ஏற்காமல், பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வகை 2: உள்ளாட்சிக்குச் சொந்தமான கல்லறை. நகராட்சியே நடத்தும் இடுகாட்டில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். இங்கே நகர்மன்றத் தீர்மானம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். தீர்மான நகல், டெண்டர் அறிவிப்பு, கட்டட வரைபட அனுமதி எல்லாமே பொது ஆவணம். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாட்டு நகராட்சிகள் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998-ன் கீழ் வந்துவிட்டன. பழைய 1920-ம் ஆண்டு சட்டத்தை மேற்கோள் காட்டி மனு எழுதினால் ஆரம்பத்திலேயே சறுக்கும்.

வகை 3: தேவாலயத்தின் பட்டா நிலம். மறைமாவட்டத்தின் பெயரிலோ, அதன் சங்கம் அல்லது அறக்கட்டளை பெயரிலோ பட்டா இருக்கும். பெரியகுளம் மதுரை உயர் மறைமாவட்டத்துக்குள் வருகிறது. இந்த வகையில்தான் சிக்கல் அதிகம். ஏனென்றால் கட்டடம் கட்டப் போவதும் 'நம்ம ஆளுங்க', எதிர்ப்பதும் 'நம்ம ஆளுங்க'.

வகை 4: தானமாக வந்த நிலம். பழைய காலத்தில் ஊர்ப் பெரியவர் யாராவது 'கல்லறைக்கு' என்று எழுதிக் கொடுத்த இடம். அந்தத் தானப் பத்திரத்தில் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார் என்ற ஒரு வரி இருந்தால், அது பொன். நோக்கத்தை மீறிப் பயன்படுத்தினால் நீதிமன்றம் போகலாம்.

'ஆயர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது' — உண்மையா?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தச் சட்டமே இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1983-ம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கான விதிகள் தெளிவாக இருக்கின்றன.

விதி 1205: வழிபாட்டுக்காகவோ, விசுவாசிகளை அடக்கம் செய்யவோ அர்ப்பணிக்கப்பட்ட இடம் 'புனித இடம்'. அதாவது மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டமும் கோயிலைப் போலவே புனித இடம்தான்.

விதி 1210: புனித இடத்தில் வழிபாடு, பக்தி, சமயம் ஆகியவற்றுக்கு உதவுகிறவை மட்டுமே அனுமதிக்கப்படும். இடத்தின் புனிதத்துக்கு ஒவ்வாதது எதுவும் கூடாது. குறிப்பிட்ட ஒரு விஷயத்துக்கு வேறு பயன்பாட்டை ஆயர் அனுமதிக்கலாம், ஆனால் அதுவும் இடத்தின் புனிதத்துக்கு முரணாக இருக்கக் கூடாது.

விதி 1240: முடிந்த இடத்தில் எல்லாம் திருச்சபைக்குச் சொந்தக் கல்லறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுக் கல்லறையிலாவது விசுவாசிகளுக்கென மந்திரிக்கப்பட்ட பகுதி வேண்டும்.

விதி 1292: குறிப்பிட்ட மதிப்புக்கு மேலான சொத்தை விற்பது, கைமாற்றுவது ஆயரின் தனி முடிவு இல்லை. மறைமாவட்ட நிதிக்குழு, ஆலோசகர் குழு, சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரின் சம்மதம் வேண்டும். ஆயர் பேரவை நிர்ணயித்த உச்ச வரம்பைத் தாண்டினால் வத்திக்கானின் அனுமதியும் வேண்டும்.

'நாங்க விக்கலையே, குத்தகைக்குத்தானே விடுறோம்' என்று சொல்லலாம். குத்தகைக்கும் ஆயர் பேரவை விதிமுறை வகுக்க வேண்டும் என்கிறது விதி 1297. ஆகவே பங்குப் பேரவையில் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: "எந்த விதியின் கீழ், யார் யார் சம்மதத்தோடு இந்த முடிவு? எழுத்தில் காட்டுங்கள்."

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் திருச்சபைக்குள்தான் செல்லும். தாலுகா ஆபீஸிலோ, நீதிமன்றத்திலோ அது நாட்டுச் சட்டத்துக்கு ஈடாகாது. நீதிமன்றத்துக்குப் போனால் நாட்டுச் சட்டப்படிதான் பேச வேண்டும்.

நாட்டுச் சட்டப்படி என்ன வழி? கேரளாவில் எறணாகுளம்–அங்கமாலி உயர் மறைமாவட்ட நில விற்பனை விவகாரம் இதற்கு உதாரணம். சாதாரண விசுவாசி ஒருவர் கொடுத்த புகாரில் ஆரம்பித்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கை ரத்து செய்யக் கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேவாலயச் சொத்து என்றால் விசுவாசி கேள்வி கேட்கக் கூடாது என்ற நிலை இப்போது இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு இடைவெளி இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி, கோயில் நிலத்தையும் வக்ஃப் நிலத்தையும் உரிய அனுமதி இல்லாமல் பத்திரப் பதிவு செய்ய முடியாது. தேவாலய நிலத்துக்கு இந்தப் பூட்டு இல்லை. இதைச் சேர்க்கலாமா என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய, மாநில அரசுகளின் கருத்தைக் கேட்டது. அதனால் தேவாலயக் கல்லறை நிலத்தில் கண்காணிப்பு முழுக்க விசுவாசிகளின் பொறுப்பு.

'வேற இடம் தர்றோம்னு சொல்றாங்களே?'

பெரும்பாலான இடங்களில் வரும் சமாதானம் இது. கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் மாற்று இடம் கிடைப்பது சொல்வது போல் அத்தனை சுலபம் இல்லை.

காரணம் ஒன்று. புதிய கல்லறைக்கு உரிமம் வாங்குவது கஷ்டம். 1999-ம் ஆண்டு தமிழ்நாடு கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, வீடுகளுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதிய இடுகாட்டுக்கு உரிமம் கிடையாது. ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இன்றைக்கு எங்கே இருக்கிறது?

காரணம் இரண்டு. இஷ்டப்பட்ட இடத்தில் புதைக்கவும் முடியாது. ஒதுக்கப்பட்ட இடுகாடு இருக்கும்போது, உரிமம் இல்லாத வேறு நிலத்தில் அடக்கம் செய்யக் கூடாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. அப்படியென்றால், இருக்கிற உரிமம் பெற்ற கல்லறையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அதை இழந்தால் சொந்தத் தோட்டத்தில்கூட அடக்கம் செய்ய முடியாது. எதிர்ப்பவர்களுக்கு இதுதான் வலுவான வாதம்.

காரணம் மூன்று. தூரம். சத்தீஸ்கரின் பஸ்தரில் 2025 ஜனவரியில் நடந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒரு கிறிஸ்தவப் போதகர் இறந்தார். சொந்த ஊரான சிந்த்வாடாவில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. உடல் சுமார் 3 வாரம் பிணவறையிலேயே கிடந்தது. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 27-ல் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். சொந்த நிலத்தில் அடக்கம் செய்யலாம் என்றார் ஒருவர், ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவக் கல்லறையில்தான் செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். உடல் மேலும் காத்திருக்கக் கூடாது என்பதால், 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த கர்காபால் கல்லறையில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள்.

ஊர்க் கல்லறை என்பது வெறும் நிலம் இல்லை என்பது இது போன்ற நேரத்தில்தான் புரியும். அது இல்லாமல் போனால் துக்க வீட்டுக்காரர்கள் சவப்பெட்டியோடு கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும்.

'அங்க யாரும் இப்ப புதைக்கிறதே இல்ல' — இதற்கு என்ன பதில்?

இதுவும் அடிக்கடி வரும் வாதம். மேலே கல் இல்லை என்பதால் கீழே ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. ஏழைகளுக்குக் கல் வைத்துக் கட்ட வசதி கிடையாது, ஒரு மரச் சிலுவை நட்டிருப்பார்கள். நாலு மழையில் அது மட்கிப் போகும். குழந்தைகளின் குழிகளுக்குப் பெரும்பாலும் அடையாளமே இருக்காது. மதில் ஓரமாக, ரோட்டை ஒட்டி 'காலியாக' தெரிகிற பகுதியில்தான் இப்படிப்பட்ட குழிகள் இருக்க வாய்ப்பு அதிகம். கடை கட்ட முதலில் கேட்பதும் அந்தப் பகுதியைத்தான்.

இதை நிரூபிக்க உதவுவது பங்கின் அடக்கப் பதிவேடு. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம் போலவே இறப்புக்கும் பதிவேடு பராமரிப்பார்கள். அதில் இருக்கும் எண்ணிக்கையையும் இப்போது கண்ணுக்குத் தெரியும் கல்லறைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டாலே, மண்ணுக்கு அடியில் அடையாளம் இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

குற்றவியல் சட்டமும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 301-வது பிரிவுப்படி, மற்றவர் மனதைப் புண்படுத்தும் அல்லது மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அடக்க இடத்தில் அத்துமீறி நுழைவதும், மனித உடலுக்கு அவமரியாதை செய்வதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 297-வது பிரிவு. ஆனால் 'நோக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதியோடு நடக்கும் கட்டுமானத்தில் கெட்ட நோக்கத்தை நிரூபிப்பது எளிதில்லை. இதை மட்டும் நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

எதிர்த் தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டா?

உண்டு. அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். மதில் இடிந்தால் கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும், கருவேலம் வெட்ட வேண்டும். நவம்பர் 2 அன்று மட்டும் வரும் குடும்பங்கள் மீதி நாள் ஒரு பைசா தருவதில்லை என்ற ஆதங்கம் பல பங்குத்தந்தைகளுக்கு உண்டு. ரோட்டோரமாகக் கடை இருந்தால் வாடகையும் வரும், ஆக்கிரமிப்பும் நடக்காது என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரியாகத் தோன்றினாலும் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாடகைக்கு விட்ட கடை பத்து, இருபது வருடத்தில் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாடகைதாரர் உள்வாடகைக்கு விடுவார், கடையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுவார், காலி பண்ணச் சொன்னால் வழக்குப் போடுவார். ஆக்கிரமிப்பைத் தடுக்கக் கட்டின கடையே ஆக்கிரமிப்பாக மாறிவிடும்.

அதனால் வெறுமனே 'வேண்டாம்' என்பதோடு நிற்காமல், மாற்று ஏற்பாட்டோடு போகிற எதிர்ப்புக்குத்தான் மரியாதை கிடைக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை பராமரிப்பு நிதி, அன்பியங்கள் முறை வைத்துச் சுத்தம் செய்வது, எலும்புகளை வைக்கப் பொதுப் பேழை கட்டி இட நெருக்கடியைக் குறைப்பது என்று வழிகள் இருக்கின்றன.

எதிர்ப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

1. பதிவேட்டைப் பாருங்கள். நில அளவைப் புலப்படம், 'அ' பதிவேடு, நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றின் நகலை வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலும், பெரியகுளம் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். நிலம் எந்த வகை என்பது இதில் தெரிந்துவிடும்.

2. வில்லங்கச் சான்று எடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிந்த அளவு பழைய ஆண்டிலிருந்து எடுப்பது நல்லது. குத்தகை, அடமானம், பவர் பத்திரம் எது நடந்திருந்தாலும் வெளியே வரும். பழைய தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் இங்கேதான் கிடைக்கும்.

3. தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். நகராட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். 'இந்தச் சர்வே எண்ணில் கட்டட அனுமதி கொடுக்கப்பட்டதா? நில உபயோக மாற்றம் கேட்கப்பட்டதா? இது பதிவு பெற்ற இடுகாடா?' என்று நேரடியாகக் கேளுங்கள். மறைமாவட்டத்திடம் இந்தச் சட்டப்படி கேட்க முடியாது. ஆனால் நிலம் ஒரு பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் இருந்தால், அந்தச் சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்க வழி உண்டு.

4. கல்லறைகளைக் கணக்கெடுங்கள். ஒவ்வொரு கல்லறைக்கும் போட்டோ, பெயர், தேதி, இருக்கும் இடம். அடையாளம் இல்லாத குழிகளைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். செல்போன் இருந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இளைஞர் குழு முடித்துவிடலாம்.

5. எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, ஆயர் இல்லம். நகராட்சி நிலமாக இருந்தால் ஆணையர், கோட்டாட்சியர், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் 'முன்னாடியே சொன்னோம்' என்பதற்கு அதுதான் சாட்சி.

6. தாமதிக்காதீர்கள். அஸ்திவாரம் போடும் முன் போகிறவருக்குத் தடை கிடைக்க வாய்ப்பு அதிகம். மூன்று மாடி எழுந்த பிறகு போனால், 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' என்றுதான் முதல் கேள்வி வரும்.

எந்த நீதிமன்றம்?

அரசோ நகராட்சியோ எடுத்த முடிவு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. தேனி மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது. பொது அறக்கட்டளைச் சொத்து தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின் கீழ், அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். தனி ஆளாகப் போக முடியாது என்பதைக் கவனியுங்கள். அரசை எதிர்த்து உரிமையியல் வழக்குப் போடுவதாக இருந்தால், சாதாரணமாக 2 மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு உடனே போகலாம்.

வழக்கறிஞரைப் பார்க்கும் முன் மேலே சொன்ன முதல் நாலு வேலையையும் முடித்துவிட்டுப் போனால், செலவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சுருக்கமாக...

கல்லறை நிலத்துக்கு மூன்று பூட்டுகள் உண்டு. வருவாய்ப் பதிவேடு ஒன்று. உள்ளாட்சி உரிமமும் கட்டட விதிகளும் இரண்டு. தேவாலயத்தின் சொந்தச் சட்டமும் தானப் பத்திரமும் மூன்று. மூன்றும் சரியாக இருந்தால் எந்த வணிக வளாகமும் சுலபத்தில் வர முடியாது. ஆனால் பூட்டுகள் இருக்கின்றனவா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

கொல்கத்தாவில் திரெத்தா குடும்பத்துக்காகக் கேட்க 1970-களில் யாரும் இல்லை. பெரியகுளத்திலோ கம்பத்திலோ உள்ள கல்லறைகளுக்கு அந்தக் கதி இல்லை. அங்கே படுத்திருப்பவர்களின் பேரன் பேத்திகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அடுத்த நவம்பர் 2 அன்று பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போகும்போது, சர்வே எண்ணையும் கேட்டுக் குறித்து வந்தால் பாதி வேலை முடிந்தது.